உடலுக்குள் பட்டு

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்டபோது, ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரையிலான அதன் 16 நிலையங்களின் பெயர்ப்பட்டியலில் அந்நகரத்தின் தொழில் வரலாறு ஏறக்குறைய வரிசைப்படியே அமைந்துவிட்டது. இதயநோய்க்கான அரசு மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய ஜெயதேவா, போக்குவரத்து நெரிசலுக்காகவே நாடறிந்த சந்திப்பான மத்தியப் பட்டு வாரியம், அதற்கு அடுத்ததாகப் பொம்மனஹள்ளி, இன்னும் தெற்கே இன்சுலினும் உயிரி மருந்துகளும் தயாரிக்கும் பயோகான் நிறுவனத்தின் பெயரோடு ஹெப்பகோடி என்று அந்த வரிசை செல்கிறது. இடையில் நிற்கும் பொம்மனஹள்ளி, ஓசூர் சாலையின் இருபுறமும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நெருங்கிய பகுதி. கர்நாடகத்தின் சிற்றூர்களிலிருந்தும் மாநில எல்லைக்கு அப்பாலிருந்தும் வந்த பெண்கள் தையல் எந்திரங்களின் முன் அமர்ந்து, தாம் ஒருபோதும் காணாத நாடுகளின் கடைகளுக்காகச் சட்டை தைக்கும் இடம். இதயம், பட்டு, துணி, மருந்து ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பார்க்கும் வழக்கம் அந்நகரத்தில் இல்லை. பட்டு வாரியம் என்றால் சேலையும் நெரிசலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் உயிர்மருத்துவமும் பொருளறிவியலும் கைகோத்து நடத்திய ஆய்வுகளில் மிக வளமான ஒரு கிளை, இந்த நான்கும் சந்திக்கும் புள்ளியில்தான் வளர்ந்திருக்கிறது. பட்டுப்புழுவின் நூலை நெய்யாமல், கரைத்து, அதன் புரதத்தைப் பிரித்தெடுத்து, மனித உடலுக்குள் பயன்படுத்தும் ஆய்வு அது.

உடலுக்குள் வைக்கப்படும் அயற்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரே விடைதான் இருந்தது: உடலோடு எந்த உறவும் கொள்ளாமல், துருப்பிடிக்காமல், தேயாமல், நோயாளியின் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும். இந்த இலட்சியத்தின் இந்தியச் சாதனை திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா இதய வால்வு ஆகும். நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஓர் இதய வால்வு ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். அந்த உழைப்பைத் தாங்கும் பொருளைத் தேடி, டைட்டானியம், செயற்கை நீலக்கல் என்று பலவற்றைச் சோதித்து, முந்தைய வடிவங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறையால் கைவிடப்பட்ட பிறகு, கோபால்ட்-குரோமியம் கலப்புலோகச் சட்டகமும் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலியெத்திலீன் தட்டும் பாலியெஸ்டர் தையல் வளையமும் கொண்ட நான்காவது வடிவம் நிலைத்தது. 1990 டிசம்பரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்ததால் ஏழை நோயாளிகள் பலர் பிழைத்தனர் என்பது அதன் சமூகப் பெறுமதி. அறிவியல் நோக்கில் அது ‘நிலைத்திரு, தலையிடாதே’ என்ற கோட்பாட்டின் முழு வெளிப்பாடு.

ஆயினும் எல்லா உறுப்புக்கும் இந்தக் கோட்பாடு பொருந்துவதில்லை. உடைந்த எலும்பும், தீய்ந்த தோலும், கிழிந்த குருத்தெலும்பும் தம்மைத் தாமே ஓரளவு புதுப்பித்துக்கொள்ளக் கூடியவை. அங்கே என்றென்றும் நிற்கும் உலோகம் உதவியைவிடத் தடையாகவே ஆகிவிடுகிறது. எலும்பைப் பிணைக்க வைத்த தகட்டை அகற்ற இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படுவதும், எலும்பு தாங்க வேண்டிய சுமையை உலோகமே தாங்கிக்கொள்வதால் எலும்பு மெலிவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தவை. ஆகவே புதிய தலைமுறைப் பொருளறிவியலாளர்கள் வேறொரு இலட்சியத்தை முன்வைத்தனர்: கட்டடம் எழும்வரை நின்று, சுவர் இறுகியதும் அவிழ்க்கப்படும் சாரத்தைப் போல, உயிரணுக்கள் பற்றிக்கொண்டு வளர இடம் தந்து, புதிய திசு தன் வலிமையைப் பெறப்பெறத் தானே சிதைந்து மறையும் பொருள் வேண்டும். துளைகள் நிறைந்த இத்தகைய தாங்கியை ஆய்வாளர்கள் சாரம் என்றே அழைப்பதும் இதனால்தான். இங்கே வலிமை மட்டும் போதாது. எவ்வளவு வேகத்தில் வலிமையை இழக்க வேண்டும் என்பதும் வடிவமைப்பின் பகுதியாகிறது. ஒரு பொருளின் அழிவைத் திட்டமிட்டு நேரங்குறிப்பது பொறியியலுக்குப் பழக்கமில்லாத வேலை. பாலம் கட்டுபவர் அது எப்போது விழ வேண்டும் என்று கணக்கிடுவதில்லை.

இந்த வேலைக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை செயற்கைப் பலபடிகள், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவான நெகிழிகள். லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யப்படும் பலபடி இன்று கரையும் தையல் இழைகளிலும் திருகாணிகளிலும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது சிதையும்போது மீண்டும் அமிலமாகவே உடைவதால், சுற்றியுள்ள திசுவில் அமிலத்தன்மை கூடி அழற்சி ஏற்படும் வாய்ப்புண்டு. விலங்குகளிலிருந்து எடுக்கும் கொலாஜன் உடலுக்கு இணக்கமானது, எனினும் வலுவற்றது, விரைவில் கரைவது. வலிமையும் இணக்கமும் நேரங்குறித்த சிதைவும் ஒரே பொருளில் வேண்டும் என்று தேடியவர்களின் கண், மனிதர் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளாக உடுத்திவரும் பட்டின்மேல் வந்து நின்றது.

பட்டின் சிறப்பு அதன் கட்டமைப்பில் இருக்கிறது. மல்பெரி இலை உண்டு, நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய 25 நாட்களில் தன் எடையைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக்கொள்ளும் புழு, இரண்டு மூன்று நாட்கள் தலையை எட்டு வடிவில் அசைத்து அசைத்துச் சுற்றும் கூட்டில் உள்ள ஒரே தொடர் இழை, நல்ல வெண்பட்டு இனங்களில் 1,000 மீட்டரை எட்டும். அந்த இழையின் உள்ளே ஃபைப்ரோயின் என்ற புரதம், இரு இழைகளாக; அவற்றைச் சுற்றி ஒட்டவைக்கும் பசையாகச் செரிசின் என்ற வேறொரு புரதம், மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு. ஃபைப்ரோயின் சங்கிலியில் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று எளிய அமினோ அமிலங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இவை உருவத்தில் சிறியவை என்பதால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து நெருங்கிப் படிந்து, நீர் நுழைய முடியாத நுண்படிகங்களாகின்றன. படிகங்களுக்கு இடையே ஒழுங்கற்ற நெகிழ்ந்த பகுதிகளும் உண்டு. படிகம் வலிமையைத் தருகிறது, நெகிழ்ந்த பகுதி நீட்சியைத் தருகிறது, உடலின் நொதிகள் முதலில் வெட்டத் தொடங்குவதும் அந்த நெகிழ்ந்த பகுதியைத்தான். இதில் வியப்பூட்டுவது தயாரிப்பு முறை. நைலான் போன்ற செயற்கை இழைக்கு உருக்கும் வெப்பமும் வேறு சில இழைகளுக்குக் கடுங்கரைப்பான்களும் தேவைப்பட, புழுவோ தன் சுரப்பியில் அடர்ந்த நீர்க்கரைசலாகச் சேர்த்து வைத்திருக்கும் புரதத்தை, அறை வெப்பநிலையில், அமிலத்தன்மையில் சிறு மாற்றமும் இழுவிசையும் மட்டும் கொண்டு, நீரில் கரையாத திண்மமாக மாற்றிவிடுகிறது. இந்த வினைத்திறனை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் முழுமையாகப் பின்பற்றவில்லை.

அறுவை அரங்குக்குப் பட்டு புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட்டுத் தையலை வலியுறுத்தினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட், விலங்குக் குடலிலிருந்து செய்த இழையைவிட மெல்லிய பட்டே சிறந்தது என்று 1913இல் விரிவாக வாதிட்டார். இன்றும் கருநிறத்தில் பின்னப்பட்ட ‘சில்க்’ இழை எந்த அறுவை அரங்கிலும் கிடைக்கும். வேடிக்கை என்னவெனில், மருந்தியல் நூல்கள் அதைக் ‘கரையாத’ இழைகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. அமெரிக்க மருந்தியல் தொகுப்பின் வரையறைப்படி 60 நாட்களுக்குள் தன் இழுவலிமையின் பெரும்பகுதியை இழப்பதே கரையும் இழை. பட்டு அதைவிட மெதுவாக, ஓராண்டு அளவில் வலிமையிழப்பதால், கரையாததாகக் கணக்கிடப்பட்டுவிட்டது. ஒரு நிர்வாக வசதிக்காக வகுத்த கோடு, அந்தப் பொருளின் மிகப் பயனுள்ள பண்பை நெடுங்காலம் மறைத்து வைத்தது என்று சொல்வது மிகையாகாது. அதோடு, சில நோயாளிகளிடம் பட்டுத் தையல் உண்டாக்கிய ஒவ்வாமையால் பட்டின்மேல் ஐயம் விழுந்தது. பிற்கால ஆய்வுகள் அந்த எதிர்வினைக்கு முதன்மைக் காரணம் நீக்கப்படாமல் எஞ்சிய செரிசினே என்று கருதின.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான் குழுவினர் செய்த மாற்றம், நூலை நூலாகவே பார்ப்பதை நிறுத்தியதுதான். வெட்டிய கூடுகளைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்க வைத்தால் செரிசின் போய்விடும். எஞ்சிய ஃபைப்ரோயினை லித்தியம் புரோமைடு உப்பின் அடர்கரைசலில் இட்டால் படிகங்கள் பிரிந்து கரையும். பின்பு, சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்யும் டயாலிசிஸின் அதே தத்துவப்படி, நுண்துளைச் சவ்வின் வழியாக உப்பை மட்டும் வெளியேற்றினால் தூய புரதம் நீரில் கரைந்த நிலையில் கிடைக்கும். இக்கரைசலை உலர்த்தினால் கண்ணாடிபோன்ற படலம், உறையவைத்து உலர்த்தினால் பஞ்சு, இறுகவிட்டால் நீர்க்கூழ்மம், அழுத்தினால் கடையத்தக்க திண்மக் கட்டி. மெத்தனால் அல்லது நீராவி கொண்டு படிக அளவைக் கூட்டினால் பொருள் மெதுவாகச் சிதையும்; குறைத்தால் விரைவாகச் சிதையும். சிதைந்து எஞ்சுவது அமினோ அமிலங்கள், அதாவது உடல் தினமும் உணவிலிருந்து எடுத்துக்கொள்பவையே. 2012இல் இக்குழு வெளியிட்ட ஆய்வொன்றில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ஜெர்மன் தட்டம்மை ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி, பட்டுப் படலத்தில் பொதியப்பட்டு 45 டிகிரி வெப்பத்தில் 6 மாதங்கள் வைக்கப்பட்ட பின்னும் தன் வீரியத்தின் பெரும்பகுதியை இழக்கவில்லை. குளிர்பதனச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் மின்வெட்டை அஞ்சும் நாடுகளுக்கு இதன் பொருள் விளக்கமின்றியே புரியும். 2014இல் பட்டுக் கட்டியிலிருந்து கடைந்த திருகாணிகள் எலிகளின் எலும்பில் பொருத்தப்பட்டு நிலைத்திருந்து மெல்லச் சிதையத் தொடங்கின. அதே ஆண்டில், பட்டில் பொதிந்த மக்னீசியச் சூடேற்றி ஒன்று எலியின் உடலுக்குள் வைக்கப்பட்டு, வெளியிலிருந்து கம்பியின்றி இயக்கப்பட்டு, பாக்டீரியத் தொற்றைக் குறைத்த பிறகு, சுமார் 15 நாட்களில் கரைந்துபோனது.

இவற்றில் எவ்வளவு எலியிலிருந்து மனிதருக்கு வந்திருக்கிறது என்று கேட்பது நியாயமே. குரல்நாண் செயலிழந்தவர்களுக்கு ஊசிவழி செலுத்தும் பட்டுத் துகள்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்திருக்கிறது. மென்திசுவைத் தாங்கும் பட்டு வலை ஒன்றும் அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்தது, ஆனால் அனுமதிக்கப்படாத வகை அறுவை சிகிச்சைக்கும் அது பரப்புரை செய்யப்பட்டதாக 2015இல் அதே நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நோயாளியை அடைந்தவை மிகச் சில. இயற்கைப் பொருள் என்ற பெயர் தரும் நம்பிக்கை சோதனைக்கு மாற்றாகாது என்பதற்குப் பட்டுப்புழுவே ஒரு சான்று தந்திருக்கிறது: வீக்கத்திற்கு என்று இந்திய மருந்துக்கடைகளில் தாராளமாக விற்கும் செராட்டியோபெப்டிடேஸ் மாத்திரையின் நொதி, பட்டுப்புழுவின் குடலில் கண்டெடுத்த பாக்டீரியத்திலிருந்து ஜப்பானில் உருவானது, வெற்று மாத்திரையைவிட மேலான பயன் நிறுவப்படாததால் அந்த ஜப்பானிய நிறுவனமே 2011இல் அதைத் தன் நாட்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தியாவில் அது இன்றும் மருந்துச்சீட்டுகளில் எழுதப்படுகிறது.

இந்தியாவின் பங்களிப்பு இத்துறையில் இரவல் அல்ல. மல்பெரிப் பட்டோடு டசர், எரி, மூகா ஆகிய காட்டுப்பட்டுகளையும் உற்பத்தி செய்யும் நாடு இது, அதிலும் மூகா அசாமைத் தவிர வேறெங்கும் பெருமளவில் விளைவதில்லை. காரக்பூர் ஐஐடியில் சுபாஸ் குண்டு குழுவினர் டசர் பட்டின்மேல் நீண்டகாலம் செய்த ஆய்வு ஒரு முக்கிய உண்மையை முன்னிறுத்தியது: டசர், மூகா ஆகியவற்றின் ஃபைப்ரோயினில் ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து அமைந்த ஒரு வரிசை இயல்பாகவே உள்ளது, உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் பற்றிக்கொள்ளும் பிடி அதுதான். மல்பெரிப் பட்டில் இந்த வரிசை இல்லாததால் அதனை வேதிவினை மூலம் ஒட்டவேண்டியிருக்கிறது. ஜார்க்கண்டின், சத்தீஸ்கரின் ஆதிவாசிகள் மருத மரங்களில் வளர்த்துச் சேகரிக்கும் டசர் கூடு, இவ்வகையில் மல்பெரிப் பட்டைவிட மேலானது. குறையும் உண்டு: அந்தக் கூடு லித்தியம் உப்புக் கரைசலில் எளிதில் கரைவதில்லை, எனவே ஆய்வாளர்கள் பெரும்பாலும் புழுவின் சுரப்பியிலிருந்தே புரதத்தை எடுக்க வேண்டியுள்ளது. குவஹாத்தி ஐஐடியில் பிமன் மண்டல் குழு இந்தப் பட்டுகளைக் கொண்டு முதுகெலும்பு வட்டு, முழங்கால் குருத்தெலும்பு, இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கான சாரங்களை உருவாக்கிவருகிறது. தில்லி ஐஐடியில் சௌரப் கோஷ் குழு பட்டும் ஜெலட்டினும் கலந்த மையை உயிரணுக்களோடு முப்பரிமாணமாக அச்சிடுகிறது. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அனுயா நிசால் தொடங்கிய பணி, எலும்பு வெற்றிடத்தை நிரப்பும் பட்டுத் துகள்களைச் செய்யும் நிறுவனமாக வளர்ந்தது. பெங்களூருவின் ஃபைப்ரோஹீல் நிறுவனம் பட்டுப் புரதக் காயக்கட்டுகளை விற்கிறது. பொம்மனஹள்ளிக்குச் சில நிலையங்கள் தெற்கே, எலெக்ட்ரானிக் சிட்டியின் உயிரிப் புத்தாக்க மையத்தில் வளர்ந்த பாண்டோரம் நிறுவனம், பட்டோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும், கல்லீரல் திசுவை அச்சிட்டு 2015இல் கவனம் பெற்று, பின்பு கண்ணின் கருவிழிப்படலக் காயத்தை ஆற்றும் கூழ்மத்திற்கு வந்தது.

பொம்மனஹள்ளியை இந்தக் கதையில் வெறும் வழிநிலையமாகக் கடந்துவிடலாகாது. மத்தியப் பட்டு வாரியம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு; அதன் வளாகத்திலேயே நூற்பு, சாயம், நெசவு ஆகியவற்றை ஆராயும் மத்தியப் பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. அங்கிருந்து பார்வைக்கெட்டும் தொலைவில் தொடங்கும் ஆடைத் தொழிற்சாலைகளோ பெரும்பாலும் பருத்தியையும் செயற்கை இழையையும் தைப்பவை. 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியைத் திரும்பப் பெறுவதில் மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டை எதிர்த்துப் பொம்மனஹள்ளியின் ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையை மறித்தனர். பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைப்பு விடுக்காமலே திரண்ட அந்தப் பெண்களின் போராட்டம் இரண்டே நாளில் அரசைப் பின்வாங்கச் செய்தது. இழையைக் கையாளும் உழைப்பு எவ்வளவு மலிவாகக் கணிக்கப்படுகிறது, அந்தக் கணிப்பு எவ்வளவு எளிதில் பொய்க்கும் என்பதை அந்தச் சாலை இவ்வாறு ஒருமுறை கண்டிருக்கிறது. அறிவியல் இதழ்கள் பட்டின் எதிர்காலத்தைப் பேசும்போது இந்த உழைப்பின் பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை. மருத்துவப் பட்டு எங்கே தடைப்படுகிறது என்று பின்தொடர்ந்து போனால், தடை ஆய்வக மேசையில் இல்லை. புழு வளர்ப்பு மனையிலும் கூடு வாங்கும் சந்தையிலும்தான் இருக்கிறது.

மருந்துக்கும் துணிக்கும் உள்ள வேறுபாடு சீர்மையில் இருக்கிறது. சேலைக்கு நூல் சற்றுத் தடித்திருந்தால் நெசவாளர் தறியிலேயே ஈடுகட்டிக்கொள்வார். எலும்பில் வைக்கும் சாரம் ஆறு மாதத்தில் சிதையும் என்று உறுதியளித்துவிட்டு மூன்று மாதத்தில் சிதைந்தால் ஈடுகட்ட வழியில்லை. ஃபைப்ரோயின் சங்கிலியின் நீளம் எவ்வளவு என்பதே சிதைவின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சோடியம் கார்பனேட்டில் கொதிக்கும் நேரம் 10 நிமிடமா 60 நிமிடமா என்பதில் அந்தச் சங்கிலி நீளமாகவோ துண்டுதுண்டாகவோ ஆகிவிடும். இதைச் சீராக்குவது ஆய்வகத்தால் இயலும். ஆனால் அதற்கு முன்பே கூட்டின் இனம், புழு உண்ட இலை, பருவம், கூட்டுப்புழுவைக் கொல்ல உலர்த்திய வெப்பம் ஆகியவை தரத்தை மாற்றியிருக்கும். இராமநகரத்தின், தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடிகளில் ஏலத்துக்கு வரும் குவியல்களில், நாட்டு இனமான பியூர் மைசூரையும் வெண்பட்டு இனத்தையும் கலந்த மஞ்சள் கூடும், 1990களில் ஜப்பானின் ஒத்துழைப்போடு மைசூரில் உருவாகிப் பரவிய வெண்பட்டு இனங்களின் கூடும், நூறு நூறு சிறு விவசாயிகளின் வீடுகளிலிருந்து வந்து சேர்கின்றன. வெப்பநாட்டு நோய்களைத் தாங்கும் என்பதற்காக விவசாயி விரும்பும் மஞ்சள் கூடும், நீண்ட சீரான இழைக்காக நூற்பாலை விரும்பும் வெண்கூடும் துணிச் சந்தையில் தத்தம் விலையைக் கண்டுகொள்கின்றன. எந்தக் கூடு எந்த ஊரின் எந்த மனையில், எந்த முட்டைத் தொகுதியிலிருந்து வந்தது என்ற தடம் மட்டும் நூலாகும்போது அழிந்துவிடுகிறது. அமெரிக்க ஆய்வகங்கள் சில ஜப்பானின் யோகஹாமா வணிகரிடமிருந்து கூடு வாங்கியதைத் தம் கட்டுரைகளில் குறிப்பிட்டிருப்பது தற்செயலல்ல. அவர்கள் வாங்கியது புரதத்தை மட்டுமன்று, அதன் சீர்மையையும்தான். இந்திய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றிலோ கூட்டின் இனம்கூடச் சொல்லப்படாமல் ‘பட்டுக்கூடு வாங்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது.

இவ்வகைக் கவனம் பட்டுத்தொழிலுக்கு இயலாததன்று. ஒருமுறை அது இதைச் செய்தே காட்டியிருக்கிறது. இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி 1835இல், பட்டுப்புழுவைச் சுண்ணாம்புபோல் வெளுக்கவைக்கும் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சையே என்று நிறுவினார். ஒரு விலங்கின் தொற்றுநோய் நுண்ணுயிரால் வருகிறது என்பதற்குக் கிடைத்த முதல் திடமான நிரூபணங்களுள் அது ஒன்று. முப்பது ஆண்டுகள் கழித்துப் பிரான்சின் பட்டுத்தொழிலையே அழித்துக்கொண்டிருந்த பெப்ரின் நோயை ஆராய 1865இல் அலெஸ் நகருக்குச் சென்ற லூயி பாஸ்டர், நோய் தாயிடமிருந்து முட்டைக்குச் செல்வதைக் கண்டு, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய்த்துகள் தென்பட்டால் அதன் முட்டை முழுவதையும் எரித்துவிடும் முறையை வகுத்தார். மனிதனின் தொற்றுநோய்கள் பற்றிய அவருடைய பிற்காலப் பணிக்கு அந்த ஐந்தாண்டு பயிற்சிக்களமாக அமைந்தது. இன்றும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் முட்டை தயாரிக்கும் வித்தகங்கள் தாய்ப்பூச்சியைச் சோதித்தே நோயற்ற முட்டைத் தொகுதிகளை வெளியிடுகின்றன. மருத்துவத் தரத்துக்குத் தேவைப்படுவது இதே ஒழுங்கின் நீட்சி: முட்டையிலிருந்து கூடுவரை தடம் காக்கும் சிறு எண்ணிக்கையிலான வளர்ப்பு மனைகள், ஒரே இனம், பதிவேடு, உலர்த்தும் வெப்பத்துக்கு ஓர் எல்லை. இவற்றில் எதுவும் நுட்பமான கண்டுபிடிப்பல்ல. ஆகவேதான் ஆய்வு நிதி இதன் பக்கம் எளிதில் வருவதில்லை. அச்சிட்ட முழங்காலுக்குக் கிடைக்கும் புகழ் பதிவேட்டுக்குக் கிடைக்காது.

மருத்துவப் பட்டு விவசாயியின் வருமானத்தை உயர்த்தும் என்ற பேச்சும் இத்துறையில் அடிக்கடி எழுகிறது. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. 2023-24இல் இந்தியாவின் கச்சாப் பட்டு உற்பத்தி 38,913 டன். ஒரு காயக்கட்டுக்கோ எலும்பு நிரப்பிக்கோ தேவைப்படும் புரதம் கிராம் கணக்கில், பல சமயம் அதனினும் குறைவு. உலகத்தின் தேவை முழுவதையும் கூட்டினாலும் ஓரிரு வட்டங்களின் விளைச்சலே அதற்கு மிஞ்சும். மாற்றம் வரக்கூடியது வேறிடத்தில். நூற்பின்போதும் சாயத்துக்கு முன் கொதிக்கவைக்கும்போதும் கழிவுநீரில் போய்ச் சேரும் செரிசின், ஒவ்வாமைக் குற்றச்சாட்டிலிருந்து பெருமளவு விடுபட்டு, தோல் ஈரப்பதம் காக்கும் பூச்சுகளிலும் உயிரணுக்களை உறையவைத்துச் சேமிக்கும் கரைசல்களிலும் பயன்படத் தொடங்கியிருக்கிறது. அதை மீட்டெடுத்தால் ஏரிக்குப் போகும் மாசும் குறையும், விற்பதற்கு ஒரு பொருளும் கிடைக்கும். நூற்பாலையில் வீணாகும் துளைபட்ட கூடும் அறுந்த இழையும் கரைசலாக்குவதற்குக் குறையொன்றுமில்லாதவை. நெய்வதற்கு உதவாததை மருத்துவம் ஏற்றுக்கொள்ளும் என்பது பட்டுத்தொழிலின் பழைய கணக்கில் இல்லாத வரவு, அதற்கும் தடம் காக்கும் ஒழுங்கு முன்நிபந்தனை.

எதிர்காலத்தின் இன்னொரு வழி புழுவின் மரபணுவையே திருத்துவது. 2000இல் ஜப்பானியர் வேற்று மரபணுவை நிலையாக ஏற்ற முதல் பட்டுப்புழுவை உருவாக்கினர். 2023இல் சீனாவின் டோங்ஹுவா பல்கலைக்கழகத்தினர் மரபணுவைக் குறிவைத்து வெட்டி ஒட்டும் கிறிஸ்பர் முறையால் பட்டுப்புழுவைச் சிலந்தி நூலைச் சுரக்கச் செய்து, அந்த இழை குண்டுதுளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லாரைவிடப் பலமடங்கு முறிவைத் தாங்கும் என்று அறிவித்தனர். இந்தியாவில் ஹைதராபாத்தின் டி.என்.ஏ. ரேகைப்பதிவு மற்றும் நோயறி மையத்தில் ஜெ. நாகராஜு, நச்சுயிரி நோயை எதிர்க்கும் மரபணு மாற்றப் பட்டுப்புழுக்களை உருவாக்கியிருந்தார். 2012இன் கடைசி நாளில் அவர் மறைந்தது இத்துறைக்கு ஈடில்லாத இழப்பு. கூடு சுற்றும் புழுவைத் தடுப்பூசிப் புரதம் சுரக்கும் ஆலையாக்கலாம் என்ற கனவும் இதே பாதையில்தான் செல்கிறது. எனினும் மரபணு மாற்றிய பயிருக்கே முடிவெடுக்கத் தயங்கும் நாட்டில், மரபணு மாற்றிய பூச்சியைக் கிராம வீடுகளில் வளர்க்க விரைவில் ஒப்புதல் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தயக்கம் முழுவதும் தவறென்றும் சொல்ல முடியாது.

இதனிடையே, பொம்மனஹள்ளி வழியாகத் தெற்கே செல்லும் அதே சாலையின் பெயருக்குரிய ஓசூரில், பட்டு வாரியத்தின் மரபுவளப் பாதுகாப்பு மையம் 1990களிலிருந்து உள்நாட்டு, வெளிநாட்டுப் பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் பருவந்தோறும் வளர்த்துப் பேணிவருகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் கூட்டின் எடை, இழையின் நீளம், முட்டையின் எண்ணிக்கை, நோய்தாங்கும் திறன் ஆகியவை அங்கே பதியப்படுகின்றன. இவை எல்லாம் துணித் தொழில் கேட்ட கேள்விகள். அந்த இனங்களின் ஃபைப்ரோயின் உடலுக்குள் எவ்வளவு காலம் நிற்கும், எந்தப் புழுவின் செரிசின் எளிதில் முழுமையாகக் கழுவப்படும், எந்த இனத்தின் புரதச் சங்கிலி கொதிநீரில் குறைவாக உடைகிறது என்ற மருத்துவக் கேள்விகளை அந்த வரிசை முழுவதுக்கும் கேட்டுப் பதிவதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை. பெங்களூருவின் பொருளறிவியல் ஆய்வகங்களிலிருந்து ஓசூர், பேருந்தில் போய்வரும் தொலைவுதான்.